சக்கர நாற்காலியில் வாழ்பவருக்கு அன்றாட வாழ்க்கையில் எது மிகக் கடினம்? சுற்றியிருப்பவர்கள் என்ன செய்யலாம்? என்ன ஆயிற்று என்று கேட்பது தவறா?

படிக்கட்டு என்று பதில் வரும் என எதிர்பார்த்திருப்பீர்கள். படிக்கட்டின்மீது எனக்குப் பெரிய கோபம் கிடையாது. அது தூரத்திலிருந்தே கண்ணில் படுகிறது. இந்த வழி உனக்கில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது. நானும் வேறு வழி பார்த்துக்கொள்கிறேன். என்னை அலைக்கழிப்பது "தாராளமாக வரலாம், ஒரு சிரமமும் இருக்காது" என்ற வாக்குறுதிதான். அதை நம்பிப் புறப்பட்டுப் போன பிறகுதான் வாசலில் ஒரு படி, நடைவழியில் ஒரு பூந்தொட்டி, கழிப்பறையில் நுழைய முடியாத கதவு என ஒவ்வொன்றாக வெளிவரும்.

தண்டுவடத்தில் அடிபட்டதால் நாற்காலிக்கு வந்தவன் நான். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. ஆகவே இங்கே எழுதுவது ஒரு வகை உடலின் அனுபவம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி குறிப்பிடத்தக்க இயலாமையோடு வாழ்பவர்கள் சுமார் 130 கோடிப் பேர். ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர். அத்தனை பேருக்கும் சேர்த்து ஒருவன் பதில் சொல்வது நடக்காத காரியம்.

புதிய இடம் ஒன்றுக்குப் போவதற்கு முன் தொலைபேசியில் விசாரிப்பது என் வழக்கம். பெரும்பாலும் உரையாடல் இப்படித்தான் போகும்.

"உள்ளே வருவதற்குப் படி இருக்கிறதா?"

"இல்லை, எல்லாம் சமதளம்தான்."

"வாசலில் எதுவுமே ஏற வேண்டியதில்லையா?"

"வாசலில் ஒரு சின்னப் படி இருக்கிறது. அது ஒன்றுதான்."

அவர் பொய் சொல்லவில்லை. காலால் நடப்பவர்களுக்கு ஒற்றைப் படி மனத்தில் பதிவதே இல்லை. தினமும் ஏறி இறங்கும் படியைக்கூட எண்ணிச் சொல்லத் தடுமாறுவார்கள். அதனால் "வசதி இருக்கிறதா" என்று கேட்பதையே விட்டுவிட்டேன். அளவுகளைக் கேட்கிறேன். வாசலையும் கழிப்பறைக் கதவையும் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். சிலர் எரிச்சல் அடைகிறார்கள். சிலர் படம் எடுக்கப் போன இடத்தில் முதல்முறையாக அந்தப் படியைப் பார்த்துவிட்டுத் திரும்ப அழைக்கிறார்கள்.

அளவுகள் ஏன் முக்கியம் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சாய்தளத்துக்குப் பல நாடுகள் ஏற்றுக்கொண்டிருக்கும் விகிதம் 1:12. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். சாதாரணமான 15 சென்டிமீட்டர் படி ஒன்றைக் கடக்க 180 சென்டிமீட்டர் நீளமுள்ள சாய்தளம் வேண்டும். கேட்பவர்கள் வாய்பிளக்கிறார்கள், அவர்கள் மனத்தில் இருப்பது கையளவுப் பலகை. 60 சென்டிமீட்டர் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு ஏறச் சொல்கிறார்கள். அது சாய்தளமல்ல, சறுக்குமரம். அதில் முன் சக்கரங்கள் மேலே தூக்கிக்கொள்ளும், உடலின் எடை பின்னால் போகும், நாற்காலி மல்லாக்க விழும். கதவென்றால் திறந்த நிலையில் ஏறக்குறைய 80 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். நாற்காலியின் அகலம் அதைவிடக் குறைவுதான். ஆனால் சக்கரத்தைத் தள்ளும் என் கைகளும் உள்ளே வரவேண்டும் அல்லவா? விரல் முட்டிகளில் தோல் உரிந்திருக்கும் நாற்காலிக்காரர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். நாற்காலியைத் திருப்புவதற்கு 150 சென்டிமீட்டர் விட்டமுள்ள வெற்றிடம் தேவை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்றவை இருந்தும் பயனில்லை.

"நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடுகிறோம்" என்பதை அடிக்கடி கேட்கிறேன். நல்ல மனசு, சந்தேகமில்லை. ஆனால் மின்சார நாற்காலிகள் பல ஆளில்லாமலே நூறு கிலோவைத் தாண்டும். என்னுடையது போன்ற கைச் சக்கர நாற்காலியைத் தூக்கலாம்; எதைப் பிடிப்பது என்று தெரியாதவர்கள் தூக்குவதுதான் ஆபத்து. கை வைக்கும் பகுதியும் கால் வைக்கும் பகுதியும் பல நாற்காலிகளில் கழற்றக்கூடியவை. அவற்றைப் பிடித்துத் தூக்கினால் அவை கையோடு வந்துவிடும், நான் கீழே இருப்பேன். தூக்கியே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால் அசையாத சட்டத்தைப் பிடிக்க வேண்டும். எது அசையாதது என்று உட்கார்ந்திருப்பவரைக் கேட்க வேண்டும். முன்பின் தெரியாத நான்கு பேரின் முதுகையும் பிடியையும் நம்பி அந்தரத்தில் போவதை யாரும் வசதி என்று சொல்லமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

கழிப்பறையைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதில் முழுமையாகாது. வெளியே போகும் நாளில் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக் குடிக்கும் பழக்கம் எங்களில் ஏராளமானவர்களுக்கு உண்டு. போகும் இடத்தில் கழிப்பறை இருக்குமா என்று தெரியாததுதான் காரணம். தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும். பலர் குறிப்பிட்ட இடைவெளியில் வடிகுழாய் வைத்துத்தான் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். அதற்குச் சுத்தமான இடமும் பூட்டக்கூடிய கதவும் தேவை. தண்ணீர் குடிக்காமல் இருப்பது தொற்றை இன்னும் வரவேற்கும். எல்லாம் தெரிந்தும் குடிக்காமல்தான் கிளம்புகிறோம்.

நாற்காலிப் படம் ஒட்டிய கழிப்பறைகளிலும் விதவிதமான வேடிக்கைகள். துடைப்பமும் வாளியும் அட்டைப் பெட்டியும் குடியிருக்கும் கழிப்பறை மிகச் சாதாரணம். உள்பக்கம் திறக்கும் கதவு வைத்திருப்பார்கள். நான் உள்ளே போன பிறகு அதைச் சாத்த இடமே இருக்காது. ஆபத்தில் இழுப்பதற்கான கயிறு தரைவரை தொங்க வேண்டும், ஏனென்றால் அதை இழுக்கப்போகிறவர் தரையில் விழுந்து கிடப்பவர். துடைக்கும்போது இடைஞ்சலாக இருக்கிறது என்று அதைச் சுருட்டி மேலே கட்டிவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று, கைகழுவும் தொட்டிக்கு அடியில் போகும் வெந்நீர்க் குழாய். மூடப்படாத குழாயில் என் முழங்கால் உரசினால் சுடுவது எனக்குத் தெரியாது. புண்ணைப் பார்த்த பிறகுதான் தெரியும். உணர்வில்லாத தோலில் வந்த புண் ஆற மாதங்கள் ஆகலாம். அந்தக் குழாய்க்கு ஓர் உறை போடுவது சின்ன வேலை.

மேடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பார்வையாளர் பகுதியில் எங்களுக்கு இடம் ஒதுக்கும் அரங்குகள் இப்போது கூடியிருக்கின்றன, மகிழ்ச்சி. மேடைக்கு மட்டும் ஐந்து படிகள். நாற்காலிக்காரர் கேட்க வருவார், பேச வரமாட்டார் என்று யாரோ வரைபடத்திலேயே முடிவு செய்துவிட்டார்கள்.

எல்லோருடைய தேவையும் ஒன்றுபோல இருக்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள். நடைபாதையின் விளிம்பைச் சாலை மட்டத்துக்குச் சரிவாக இறக்கினால் எனக்குச் சொர்க்கம். பார்வையற்ற என் நண்பருக்கு அதே சரிவு ஆபத்து. நடைபாதை எங்கே முடிகிறது, வண்டி ஓடும் சாலை எங்கே தொடங்குகிறது என்பதை அவருடைய கோல் அந்த விளிம்பை வைத்துத்தான் கண்டுபிடித்தது. இதற்கு ஒரு விடை ஜப்பானிலிருந்து வந்தது. செய்இச்சி மியாகே உருவாக்கிய புடைப்புக் கற்கள் 1967-இல் ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளி ஒன்றுக்கு அருகே முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. நீளக் கோடுகள் இருந்தால் தொடர்ந்து போகலாம். வட்டப் புள்ளிகள் இருந்தால் நில், கவனி. அந்தப் புள்ளிகள்மேல் போகும்போது என் முன் சக்கரங்கள் தடதடக்கின்றன, முதுகு வலிக்கிறது. பொறுத்துக்கொள்கிறேன். அவர் உயிரும் என் முதுகும் ஒரே தராசில் வைக்கும் விஷயமல்ல.

காது கேளாத தோழி ஒருவர், லிப்ட் பாதியில் நின்றுவிட்டால் அபாயப் பொத்தானை அழுத்தியும் பயனில்லை என்று சொல்லிச் சிரிப்பார். மறுமுனையில் ஒரு குரல் "என்ன பிரச்சினை?" என்று கேட்டுக்கொண்டே இருக்குமாம். பார்வையற்ற நண்பருக்கு இப்போதைய தலைவலி, பொத்தான்களே இல்லாத தொடுதிரைக் கருவிகள். பணம் செலுத்தும் இடத்தில் ரகசிய எண்ணை அழுத்த வழியில்லாமல், அதைப் பக்கத்தில் நிற்பவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய நிலைகூட வருகிறது. பழைய பொத்தான் கருவியில் ஐந்தாம் எண்ணின்மேல் ஒரு சின்னப் புள்ளி புடைத்திருக்கும். அது போதுமாக இருந்தது. புதியது என்பதாலேயே ஒன்று மேலானதாகிவிடாது.

வாக்குறுதிக்கும் அளவுக்கும் உள்ள தூரத்தைக் காட்ட எனக்குப் பிடித்த வரலாறு ஒன்று உண்டு. அரசு நிதி பெறும் அமைப்புகள் இயலாமையைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக்கூடாது என்று அமெரிக்காவில் 1973-இலேயே சட்டம் வந்துவிட்டது. 504 என்ற பிரிவு. ஆனால் ஒதுக்குதல் என்றால் என்ன, யார் எதை எப்போதைக்குள் மாற்ற வேண்டும் என்று சொல்லும் விதிகளில் ஆண்டுக்கணக்கில் யாரும் கையெழுத்திடவில்லை. 1977 ஏப்ரல் 5 அன்று இயலாமை உள்ளோரின் உரிமைக்காகப் போராடிய ஜூடி ஹியூமன் உள்ளிட்டோர் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அரசுக் கட்டடத்துக்குள் போய் அமர்ந்துவிட்டார்கள். மூன்று வாரங்களுக்கு மேல் அசையவில்லை. உள்ளே தொலைபேசி இணைப்புகள் துண்டிக்கப்பட்டபோது, காது கேளாத போராட்டக்காரர்கள் ஜன்னல் வழியே சைகை மொழியில் வெளியே இருந்தவர்களுக்குச் செய்தி சொன்னார்கள். காது கேட்பவர்கள் எல்லோரும் வாயடைத்திருந்த நேரத்தில் தகவல் தொடர்பு அவர்கள் கையில் இருந்தது! ஏப்ரல் 28 அன்று விதிகள் கையெழுத்தாயின. சட்டம் ஏறத்தாழ நான்கு ஆண்டுகளாக "வரலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. சாய்தளம் கேட்டு வாங்க அந்த விதிகள் தேவைப்பட்டன. 2006-இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்றுக்கொண்ட, இயலாமை உள்ளோரின் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் ஒன்பதாம் பிரிவும் அணுகும் வசதிக்குக் குறைந்தபட்ச அளவுகோல்களை வகுத்து, அவை நடைமுறைக்கு வருவதைக் கண்காணிக்கச் சொல்கிறது. அதை எழுதியவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்.

தீப்பிடித்தால் லிப்டைப் பயன்படுத்தாதீர்கள் என்ற அறிவிப்பை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். நான் அதை வேறு மாதிரி படிக்கிறேன். எட்டாவது மாடிக் கூட்டத்துக்கு அழைப்பவர்களிடம் "அப்படி ஏதாவது நடந்தால் என்னை எப்படி இறக்குவீர்கள்?" என்று கேட்டால் அறை அமைதியாகிவிடும். படிக்கட்டில் இறக்குவதற்கென்றே தயாரிக்கப்படும் நாற்காலிகள் இருக்கின்றன. படிக்கட்டின் அருகே நெருப்பும் புகையும் எளிதில் புகாத காத்திருப்பிடம் அமைக்கலாம். இரண்டும் இருந்தாலும், அன்றைக்கு யார் என் பக்கத்தில் வருவது என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

இனி, சுற்றியிருப்பவர்கள் என்ன செய்யலாம் என்பது. உங்களுக்கு ஓர் அலுவலகமோ கடையோ அரங்கமோ இருந்தால் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வாசலிலிருந்து கழிப்பறைவரை ஒருமுறை நடந்து போங்கள். எத்தனை படி, எவ்வளவு உயரம், மிகக் குறுகிய கதவு எத்தனை சென்டிமீட்டர், கழிப்பறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று குறித்து, படங்களோடு உங்கள் இணையப் பக்கத்தில் போட்டுவிடுங்கள். படங்களுக்குக் கீழே விவரத்தை எழுத்திலும் எழுதுங்கள், பார்வையற்றவர்களின் திரை வாசிப்பான் அதைத்தான் படித்துச் சொல்லும். கட்டடத்தை இடித்துக் கட்டும்வரை காத்திருக்க வேண்டாம். கதவு 62 சென்டிமீட்டர்தான் என்றால் அப்படியே எழுதுங்கள். நான் வராமல் இருக்கலாம், வேறு ஏற்பாட்டோடு வரலாம். அரை நாளும் போக்குவரத்துச் செலவும் வீணாகாது.

தெருவில் பார்த்தால், உதவி வேண்டுமா என்று கேளுங்கள். கேட்டபின் பதிலுக்காகக் காத்திருங்கள். இரண்டாவதைப் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். பின்னாலிருந்து வந்து நாற்காலியைத் தள்ளத் தொடங்குவது, முன்பின் தெரியாதவரின் தோளைப் பிடித்து இழுத்துப் போவதற்குச் சமம். என் கை அந்த நேரம் சக்கரத்தில் இருந்தால் விரல் நசுங்கும். வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். கூட வந்தவரிடம் "இவருக்கு என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள், எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது. நாற்காலி இல்லாத ஒருவர் எங்களுக்கான கழிப்பறையிலிருந்து வெளியே வந்தால் அவரை முறைக்கவும் வேண்டாம். குடல் நோய், தீராத வலி என வெளியே தெரியாத காரணங்கள் எத்தனையோ.

கடைசியாக, என்ன ஆயிற்று என்று கேட்கலாமா? பழகிய பிறகு கேளுங்கள், சொல்கிறேன். முதல் சந்திப்பின் முதல் கேள்வியாக, லிப்டில் இரண்டு மாடிக்கு மட்டும் கூட வருபவர் கேட்கும்போது எனக்குச் சொல்லத் தோன்றுவதில்லை. என் வாழ்க்கையின் மிக மோசமான நாளை இரண்டு மாடிக்குள் சுருக்கிச் சொல்வது கடினம். குழந்தைகளுக்கு மட்டும் இந்த விதி கிடையாது. அவர்கள் கேட்டவுடன் பெற்றோர் கையைப் பிடித்து இழுத்துப் போகாமல் இருந்தால் போதும். அவர்களுக்கு விபத்தில் அக்கறை இல்லை, இது எவ்வளவு வேகம் போகும் என்றுதான் கேட்பார்கள். இறக்கத்தில் நன்றாகவே போகும்.