ஸ்லைடு ஓடப்போவது யாருடைய கணினியில்?

கேள்வி: ஆய்வு மாணவி நான். அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கில் 15 நிமிடம் பேச வேண்டும். ஸ்லைடுகளைத் தமிழிலேயே தயாரிக்கிறேன். பவர்பாயின்ட் போதுமா, அல்லது கூகுள் ஸ்லைட்ஸ், கேன்வா என்று மாறிவிடலாமா? போன முறை அரங்கத்துக் கணினியில் எழுத்தெல்லாம் குழம்பிப்போனது. படம், வரைபடம் எடுக்க நல்ல தளங்களும் சொல்லுங்கள். என் 'முடிவுகள்' ஸ்லைடை மாதிரிக்கு அனுப்பியிருக்கிறேன்.

பதில்: எழுத்து குழம்பியதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அதுதான் முதல் கேள்வி. உங்கள் லேப்டாப்பையே புரொஜெக்டரில் மாட்ட விடுவார்களா, அல்லது பென்டிரைவில் கொண்டுபோய் அவர்கள் கணினியில் போட வேண்டுமா? அங்கே இணையம் உண்டா? திரை 16:9 அகலத்திரையா, பழைய 4:3-ஆ? ஏற்பாட்டாளர்களுக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் போட்டு இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள். மென்பொருளை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.

சொந்த லேப்டாப் என்றால் கை பழகிய எதுவும் சரிதான். அவர்கள் கணினி என்றால் பவர்பாயின்ட். 1987-இல் மேக் கணினிக்காக வெளிவந்து, அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் வாங்கிய மென்பொருள் அது. அந்தக் கோப்பைத் திறக்க முடியாத அரங்கம் அபூர்வம். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கு இருந்தால் உலாவியிலேயே அதன் இலவசப் பதிப்பு கிடைக்கும். லிப்ரெஆஃபிஸ் இம்ப்ரெஸ் முழுக்க இலவசம், இணையமும் தேவையில்லை. பவர்பாயின்ட் கோப்பாகவும் சேமிக்கலாம், ஆனால் அங்கே போய்த் திறக்கும்போது பெட்டிகள் இடம் மாறியிருக்கலாம், ஒன்றிரண்டு அனிமேஷன் காணாமல் போயிருக்கலாம்.

நெறியாளரோடு சேர்ந்து திருத்த வேண்டுமானால் கூகுள் ஸ்லைட்ஸை மிஞ்ச ஆளில்லை. இருவரும் ஒரே கோப்பில் வேலை செய்யலாம், ஓரத்தில் குறிப்பு எழுதலாம், பதிப்பு வரலாற்றில் போய் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். 'இறுதி', 'இறுதி இறுதி', 'இதுதான் இறுதி' என்று ஏழு கோப்பு வைத்திருக்கும் வேலை மிச்சம். கேன்வா கண்ணுக்கு விருந்து, தலைப்பு ஸ்லைடுக்கும் சுவரொட்டிக்கும் நானே பயன்படுத்துகிறேன். ஆனால் அதன் டெம்ப்ளேட்டுகளில் அலங்காரம் போக மிஞ்சும் இடம் கொஞ்சம். ஆய்வுத் தரவை அதற்குள் திணிக்கப் பாடுபடுவீர்கள். திரை உள்ளே வெளியே பாய்ந்து செல்லும் பிரெசியை 15 நிமிட ஆய்வுப் பேச்சுக்கு வேண்டாம் என்பேன், பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

இனி எழுத்துரு. குழப்பம் இரண்டு வகை, மருந்தும் வேறு வேறு. 'தமிழ்' என்று இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் வாலில் ஓர் அரைப்புள்ளியும் தெரிந்தனவா? அப்படியானால் நீங்கள் தட்டச்சு செய்தது பாமினி போன்ற பழைய எழுத்துருவில். அதில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு அதற்குத் தமிழ் வேஷம் கட்டுகிறது. வேறு கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் வேஷம் கலைந்துவிடும். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு எல்லாவற்றையும் யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு, கொண்டுவந்துவிடுங்கள். பழைய கட்டுரையிலிருந்து வெட்டி ஒட்டிய பத்திகளில்தான் இது பெரும்பாலும் ஒளிந்திருக்கும், ஆகவே மேற்கோள்களையும் விடாமல் பாருங்கள்.

தமிழ் தமிழாகவே இருந்து, வடிவம் மட்டும் மாறி, வரிகள் பெட்டிக்கு வெளியே வழிந்தனவென்றால் அது இரண்டாவது வகை. யூனிகோடுதான், ஆனால் நீங்கள் வைத்த எழுத்துரு அங்கே இல்லாததால் கணினி வேறொன்றைப் போட்டுக்கொண்டது. விண்டோஸ் பவர்பாயின்டில் கோப்பு, விருப்பங்கள், சேமிப்பு என்று போனால் எழுத்துருக்களைக் கோப்பிலேயே உட்பொதிக்கும் வசதி இருக்கிறது. அதில் 'எல்லா எழுத்துகளையும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், கோப்பு சற்றுப் பெருத்தாலும் அங்கே போய்த் திருத்தலாம். சில எழுத்துருக்களின் உரிமம் இதற்கு இடம் கொடுக்காது. அப்போது நிர்மலா யுஐ-யில் வையுங்கள், விண்டோஸ் 8 முதல் அது கூடவே வருகிறது.

அழகான எழுத்துரு வேண்டுமென்றால் கூகுள் ஃபான்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, காட்டமரன் எல்லாம் இலவசம். இவற்றுக்குத் தனியாக வரைந்த தடித்த வடிவம் உண்டு, அது முக்கியம். தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவை 'போல்டு' ஆக்கினால் மென்பொருள் அதை வெறுமனே வீங்கவைக்கிறது. ஒரு முறை 'ண' எழுதி அப்படிச் செய்து பாருங்கள், மூன்று சுழியும் அடைத்துக்கொண்டு கடைசி வரிசையில் இருப்பவருக்கு அது கறுப்புக் கட்டியாகத் தெரியும். வரி இடைவெளியையும் கொஞ்சம் தாராளமாக விடுங்கள், இல்லாவிட்டால் மேல் வரியின் உகரக் கீற்று கீழ் வரியின் இகரக் கொக்கியில் மாட்டும். அளவு 28-க்குக் கீழே இறங்க வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய ஸ்லைடைப் பார்த்தேன். மேலே 'முடிவுகள்' என்று தலைப்பு, கீழே எட்டு நெடுவரிசை கொண்ட அட்டவணை. நூலகத்தில் அச்சு நூல் இரவலும் மின்னூல் பயன்பாடும் ஆண்டுவாரியாக. அவ்வளவு எண்ணையும் படித்து முடிக்க ஒருவருக்கு ஒரு நிமிடமாவது ஆகும், அந்த நிமிடம் உங்கள் பேச்சு அவர் காதில் ஏறாது. சொல்ல வந்தது என்ன? இரண்டும் ஒன்றையொன்று கடக்கும் ஆண்டு. அதையே தலைப்பாக்குங்கள்: 'மின்னூல் அச்சு நூலை முந்திய ஆண்டு'. கீழே இரண்டே கோடு கொண்ட வரைபடம், கடக்கும் புள்ளியில் ஒரு சின்ன வட்டம். கோட்டின் பெயரை மூலையில் பெட்டி போட்டு எழுதாமல் கோட்டின் நுனியிலேயே எழுதுங்கள். அட்டவணை கேள்வி நேரத்துக்கு வேண்டியிருக்கும், கடைசி ஸ்லைடுக்குப் பின்னால் ஒளித்து வையுங்கள்.

வரைபடத்துக்கு எக்செல் தாராளமாகப் போதும். இன்னும் துப்புரவாக வேண்டுமென்றால் டேட்டாராப்பர் தளத்தில் எண்களை ஒட்டினால் போதும், படமாக இறக்கிக்கொள்ளலாம்.

புகைப்படத்துக்கு அன்ஸ்பிளாஷ், பெக்செல்ஸ், பிக்சாபே: இலவசம், பெயர் போடக் கட்டாயமில்லை. விக்கிமீடியா காமன்ஸில் வரலாற்றுப் படங்கள் குவிந்து கிடக்கின்றன, ஆனால் படத்துக்குப் படம் உரிமம் மாறும். பலவற்றுக்கு எடுத்தவர் பெயரும் உரிமத்தின் பெயரும் குறிப்பிட வேண்டும். படத்தின் அடியிலேயே சிறு எழுத்தில் போட்டுவிடுங்கள், பிறகு தேடினால் கிடைக்காது. சின்னங்களுக்கு நவுன் புராஜெக்ட், இலவசமாக எடுத்தால் அங்கும் பெயர் குறிப்பிட வேண்டும். கூகுள் தேடலில் வந்த படத்தை அப்படியே அள்ளிப் போடாதீர்கள்.

நிறத்தில் சந்தேகம் வந்தால் வெப்எயிம் தளத்தின் மாறுபாடு சோதிப்பானில் எழுத்து நிறத்தையும் பின்னணி நிறத்தையும் கொடுத்துப் பாருங்கள். இணைய அணுகல்தன்மை விதிகள் சாதாரண எழுத்துக்குக் கேட்பது குறைந்தது 4.5:1 மாறுபாடு. புரொஜெக்டர் எப்போதும் நிறத்தை வெளிறடிக்கும், ஆகவே 7:1 வந்தால்தான் எனக்கு நிம்மதி. உங்கள் ஸ்லைடில் இருக்கும் இளமஞ்சள் எழுத்து வெள்ளைப் பின்னணியில் தேறாது, சோதித்துப் பார்க்கவே வேண்டாம்.

புறப்படும் முன் பென்டிரைவில் இரண்டு கோப்பு இருக்கட்டும்: பவர்பாயின்ட் ஒன்று, அதையே பி.டி.எஃப். ஆக்கியது ஒன்று. பி.டி.எஃப்.-இல் அனிமேஷனும் வீடியோவும் போய்விடும், எழுத்து மட்டும் எந்தக் கணினியிலும் அசையாது. வீட்டில் 'ரிஹர்ஸ் டைமிங்ஸ்' வசதியை ஓடவிட்டு ஒரு முறை சத்தமாகப் பேசிப் பாருங்கள், எந்த ஸ்லைடு எத்தனை வினாடி தின்கிறது என்று அதுவே குறித்துத் தரும். 12 நிமிடத்தில் முடிகிற மாதிரி வெட்டுங்கள். அரங்கில் யாராவது பழைய ஸ்லைடு ஒன்றைப் பற்றிக் கேட்டால், பின்னோக்கித் தட்டிக்கொண்டே போகாமல் அதன் எண்ணை அடித்து என்டர் தட்டினால் நேராக அங்கே போகும். ஒளித்து வைத்த அட்டவணைக்கும் அதே வழிதான், அதன் எண்ணை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.