சேடர் விருந்துக்கு எலுமிச்சை சாதம் எடுத்துப் போகலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். உடன் வேலை பார்க்கும் யூதத் தோழி, எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பாஸ்கா பண்டிகை சமயத்தில் நடக்கும் 'பெண்கள் சேடர்' என்ற சடங்கு விருந்துக்கு அழைத்திருக்கிறார். எலுமிச்சை சாதமும் பருப்பு வடையும் செய்து எடுத்துப் போகலாமா? அங்கே வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: இரண்டுமே வேண்டாம். பாஸ்கா நாட்களில் கோதுமை, பார்லி, ஓட்ஸ், ரை, ஸ்பெல்ட் ஆகிய ஐந்தும் புளித்த வடிவில் வீட்டுக்குள்ளேயே இருக்கக்கூடாது. மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடத்துக்குள் சுட்டெடுத்த மட்சா என்ற புளிக்காத ரொட்டி மட்டும் விதிவிலக்கு. ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்கள் அரிசி, பருப்பு, கடுகு, எள் ஆகியவற்றையும் மரபாகத் தவிர்ப்பார்கள். ஸ்பெயின் வழிவந்த செபார்தி யூதக் குடும்பங்கள் பலவற்றில் சோறு உண்டு. பலரும் கோட்டைவிடும் இடம் பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். ஒரு சிட்டிகை போட்டாலே பண்டம் விலக்கானதுதான். அதோடு, கோஷர் என்ற யூத உணவு விதி பார்ப்பவர்கள் நம் பாத்திரத்தில் சமைத்த எதையும் சாப்பிட மாட்டார்கள். அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நறுக்காத முழுப் பழங்களோ பூங்கொத்தோ சிக்கலில்லை. ஒயின் வாங்குவதானால் 'பாஸ்காவுக்கான கோஷர்' என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, சீல் உடைக்காமல் கொடுங்கள். ஆசாரமான வீடென்றால் புட்டியை நீங்கள் திறக்கவோ ஊற்றவோ வேண்டாம். யூதரல்லாதவர் கைபட்ட ஒயினை, முன்பே சூடாக்கிய 'மெவுஷால்' வகையாக இருந்தாலொழிய, அவர்கள் குடிப்பதில்லை.

விருந்து எந்த நாள் என்று முதலில் கேளுங்கள். பெண்கள் சேடரைப் பல ஊர்களில் பண்டிகைக்கு முன்பே வைத்துவிடுவார்கள். அப்போது கெடுபிடி குறைவு. பண்டிகையின் முதல் இரண்டு இரவுகள் என்றால், ஆசாரமானவர்கள் பணத்தைத் தொட மாட்டார்கள். செல்பேசியைப் பையிலேயே வைத்திருங்கள். பசித்தோருக்குக் கொடுப்பது இந்தப் பண்டிகையின் உயிர்நாடி. நன்கொடை தருவதானால் முன்னாலேயே அனுப்பிவிடுங்கள்.

மாலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து யூதர்களின் முன்னோர் வெளியேறிய கதை முடிந்த பிறகுதான் சாப்பாடு. அதுவரை உப்புத் தண்ணீரில் தோய்த்த பார்ஸ்லி, மட்சா, கண்ணில் நீர் வரவைக்கும் குதிரைமுள்ளங்கி, இவ்வளவுதான். நான்கு கோப்பை ஒயின் உண்டு; திராட்சைச் சாறு கேட்டால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். எகிப்தின் மேல் வந்த பத்து வாதைகளைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு துளியை விரலால் தொட்டு எடுப்பார்கள். அந்த விரலை நக்கக்கூடாது.

இனி 'பெண்கள்' சேடர் என்பதன் பொருள். 'அந்த அற்புதத்தில் பெண்களும் இருந்தார்கள்' என்று காரணம் சொல்லி, நான்கு கோப்பையைத் தல்மூத் என்ற யூதச் சட்ட நூல் அவர்களுக்கும் கடமையாக்கியது. ஆனால் மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்து கதை சொன்னவர் பெரும்பாலும் ஆண். அடுப்படியில் நின்றவர் பெண். இதை மாற்றி, 1976இல் நியூயார்க்கில் பெண்கள் தாங்களே சேடர் நடத்தினார்கள். எகிப்து மன்னன் பார்வோனின் கட்டளையை மீறி ஆண் குழந்தைகளைக் காப்பாற்றிய மருத்துவச்சிகள் சிப்பிராள், பூவாள் பெயர்கள் இங்கே உரக்கச் சொல்லப்படும். எலியா தீர்க்கதரிசிக்காக வைக்கும் ஒயின் கோப்பைக்குப் பக்கத்தில் தண்ணீர்க் கோப்பை ஒன்று இருக்கும். அது மோசேயின் அக்கா மிரியாமுக்கு; பாலைவனத்தில் அவள் பொருட்டு ஒரு கிணறு கூடவே வந்தது என்பது மரபுக் கதை. 1980களின் பிற்பகுதியில் பாஸ்டன் பெண்கள் தொடங்கிய வழக்கம் இது. உங்கள் குவளையிலிருந்தும் கொஞ்சம் ஊற்றச் சொல்வார்கள், தயங்காமல் ஊற்றுங்கள்.

சடங்குப் பண்டங்கள் வைக்கும் சேடர் தட்டில் ஆரஞ்சு இருந்தால், பெண் ஜெப ஆலய மேடையேறுவதை எதிர்த்த ஒருவருக்குப் பதிலடி அது என்று யாராவது சொல்லக்கூடும். அது கட்டுக்கதை. 1980களில் ஆரஞ்சை வைத்த அறிஞர் சூசன்னா ஹெஷெல், ஒருபால் ஈர்ப்புள்ளவர்களும் ஒதுக்கப்பட்ட மற்றவர்களும் சமூகத்துக்குள் இருக்கவேண்டும் என்பதற்காகவே வைத்தார். ஆளுக்கொரு சுளை தின்று, வெறுப்பைத் துப்புவதாக எண்ணிக் கொட்டையைத் துப்பச் சொன்னார். ஆகவே ஆரஞ்சு வாங்கிப் போகலாமா என்று தோழியிடம் கேளுங்கள். சரியென்றால், கொட்டையுள்ள பழமாகப் பார்த்து வாங்குங்கள்.