‘லாஸ்ட்’ தொடரின் சிலை அனூபிஸா, தாவெரெத்தா?

‘லாஸ்ட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் மர்மத் தீவில் வரும் பெரிய சிலை, நரித்தலை கொண்ட எகிப்திய தெய்வம் அனூபிஸா, நீர்யானை உருவ தெய்வம் தாவெரெத்தா என்று கேட்டிருந்தீர்கள். தாவெரெத் தான். சிலை முழுதாக இருந்தவரை தீவில் பெண்கள் நலமாகப் பிரசவித்தார்கள், உடைந்ததும் பிரசவத்தில் சாகத் தொடங்கினார்கள் என்று நீங்கள் கூடவே சொன்ன ஊகம் மட்டும் நிற்காது.

அனூபிஸ் என்று தோன்றியதற்குக் காரணம், ஐந்தாம் சீசனின் ‘லஃப்ளூர்’ அத்தியாயத்தில் சிலையின் முதுகுப்புறம் மட்டுமே தெரிவதாக இருக்கலாம். பிறகு கோயிலுக்கு அடியில், தீவில் உலவும் கரும்புகை அரக்கனுக்கு எதிரே அனூபிஸ் இருக்கும் சுவர்ச் சிற்பம் வருகிறது. இரண்டையும் மனம் ஒன்றாக்கிவிடுகிறது.

அந்த சீசனின் இறுதி அத்தியாயத் தொடக்கத்தைப் போட்டு, தீவின் காவலரான ஜேக்கப் கடற்கரையில் பேசி முடித்ததும் காட்சியை நிறுத்திப் பாருங்கள். நரியின் கூர்மூக்கு அங்கே இல்லை. கனத்த முகவாய் இருக்கிறது. முதலைச் சாயல் கொஞ்சம் தூக்கலாக இருப்பதால் முதலைத்தலைத் தெய்வமான சோபெக் என்று வாதிட்டவர்களும் உண்டு. ஆனால் எகிப்தியர்கள் தாவெரெத்தையே நீர்யானை உடல், சிங்கப் பாதம், முதலை முதுகு என்று கலந்துதான் வடித்தார்கள். கருவுற்ற பெண்களின் காவல் தெய்வம் அவள். பிள்ளைப்பேறே மரணமாகும் தீவில் அவளை நிறுத்தியது எவ்வளவு அழகான தேர்வு!

ஊகம் உடைவது தேதியில். 1867இல் ‘பிளாக் ராக்’ கப்பல் மோதிச் சிலை உடைகிறது. 1977இல் அதே தீவில் ஏமி என்பவள் ஈத்தன் என்ற மகனைப் பெற்றெடுக்கிறாள். தாயும் சேயும் நலம். அதுவும் ‘லஃப்ளூர்’ அத்தியாயத்திலேயே வருகிறது. இறந்த கணவனின் கழுத்திலிருந்து அவள் எடுத்துக்கொள்ளும் அன்க் பதக்கத்தையும் கவனியுங்கள், எகிப்தில் அது உயிரின் சின்னம்.

ஒன்று மட்டும்: சிலையைக் கட்டியவர்கள் யார் என்று தொடர் சொல்லவே இல்லை. அதில் யார் என்ன சொன்னாலும் ஊகம்தான்.