மண்டபம் கடல்நீர்ச் சோதனை: புற ஊதாக் கதிரின் விளைவு ஏன் தெரியவில்லை?

குற்றவாளி உங்கள் பாட்டில்தான். மண்டபம் கடல்நீரைக் கண்ணாடி பாட்டில்களில் அடைத்து, வெயிலில் வைத்ததற்கும் கறுப்புத் துணி போட்டதற்கும் இடையே மிதவைத் தாவர (நீரில் மிதந்து வாழும் நுண்ணிய தாவரங்கள்) வளர்ச்சி கொஞ்சம்தான் மாறியது, அதுவும் புற ஊதாவால் என்று சொல்ல முடியவில்லை என்கிறீர்கள். எப்படிச் சொல்ல முடியும்? சாதாரணக் கண்ணாடி புற ஊதா-பி கதிரில் (280–315 நானோமீட்டர்) பெரும்பகுதியை உள்ளேயே விடாது. துணியோ கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் சேர்த்து மறைத்துவிடுகிறது. குவார்ட்ஸ் குழாய்தான் சரி. விலை கையைக் கடிக்கும். மெல்லிய பாலிதீன் பையில் தொடங்கலாம்.

முதலில் உச்சி வெயிலில் புற ஊதா-பி மானியின் உணரி மேல் பாட்டில் துண்டொன்றை வைத்துப் பாருங்கள். அளவு சரிந்தால் சந்தேகம் தீர்ந்தது. பிறகு துணிக்குப் பதில் பாலியஸ்டர் தாள் சுற்றுங்கள். அது புற ஊதா-பியை வெட்டும், மற்ற ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிடும்.

தண்ணீரையும் பார்த்து எடுங்கள். வாடைக்காற்றில் பாக் நீரிணைப் பக்கம் கலங்கிக் கிடக்கும். அப்போது மன்னார் வளைகுடாப் பக்கம் போவது நல்லது.

ஒன்று மட்டும்: வேறுபாடு கிடைத்தாலும் 'ஓசோன் ஓட்டையின் விளைவு' என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள். அமெரிக்க ஆய்வாளர் ரேமண்ட் ஸ்மித்தின் குழு 1990இல் அண்டார்க்டிகாவில் ஓட்டைக்கு உள்ளேயும் வெளியேயும் அளந்துதான், பனி விளிம்புக் கடலில் மிதவைத் தாவர உற்பத்தி குறைந்தபட்சம் 6 முதல் 12 சதவீதம் குறைந்ததாக 1992இல் எழுதியது. மண்டபத்துக்கு மேலே ஓட்டை இல்லை. வெப்பமண்டலத்தில் புற ஊதா-பியைத் தடுக்கும் ஓசோன் இயல்பாகவே குறைவு, சூரியனும் தலைக்கு மேல்; அதனால் அந்தக் கதிர் இங்கே ஓட்டை இல்லாமலே அதிகம்.