சிங்கப்பூரில் உறுப்பு தானத்துக்குக் கையெழுத்து போட வேண்டுமா?

கேள்வி: அம்மா "உடம்பு முழுசாப் போகணும்" என்கிறார். நாம் கையெழுத்து போடாவிட்டால் உறுப்புகளை எடுக்க மாட்டார்கள்தானே?

அப்படி இல்லை. 1987 சட்டப்படி, 21 வயது நிரம்பிய குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மறுப்பு பதியாதவரை சம்மதித்தவர்களே. சிறுநீரகம், கல்லீரல், இதயம், விழிவெண்படலம் ஆகிய நான்குக்கு மட்டும் இது பொருந்தும். முஸ்லிம்களும் 2008 முதல் இதில் அடக்கம். மறுத்தவருக்கே பிறகு உறுப்பு தேவைப்பட்டால், காத்திருப்புப் பட்டியலில் முன்னுரிமை குறையும். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

அம்மாவின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். அறுவைக்குப் பின் தைத்துத்தான் உடலைத் தருவார்கள்; வழக்கம்போல் சடங்கு செய்து மண்டாய் தகனச்சாலைக்குக் கொண்டுபோகலாம். அப்புறம், இந்தப் பேச்சை மருத்துவமனை வராந்தாவுக்குத் தள்ளிப்போடாமல் இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள்.