ஊரில் கிடக்கும் பெயர்

கேள்வி: 2019 டிசம்பரில் ஊரில் நடந்த ஊராட்சித் தேர்தலில் என் பெயரில் யாரோ கள்ள ஓட்டுப் போட்டுவிட்டதாக, விடுமுறைக்குச் சென்றிருந்தபோது என் தம்பி சிரித்துக்கொண்டே சொன்னான். ஓட்டுக்குப் பணம், பதவிக்கு ஏலம், கள்ள ஓட்டு என்று நம் ஊர் மக்கள் எப்போதுதான் திருந்துவார்கள்? நான் 2008 முதல் சிங்கப்பூர்க் குடிமகன். இங்கே இப்படியெல்லாம் கேள்விப்பட்டதே இல்லையே! (வாசகர், ஈசூன்)

பதில்: தங்கள் கடிதத்தில் 'ஊர்' என்ற சொல்லைத் தாண்டி நகர முடியவில்லை. ஈசூனில் வீடு, இங்கே வேலை, இந்த நாட்டுக் குடியுரிமை. ஆனாலும் 'ஊர்' என்றால் அது கடலுக்கு அப்பால்தான் இருக்கிறது. தேக்காவில் காய்கறி வாங்கும்போது "ஊருக்கு எப்போது?" என்று கேட்பவர்களுக்கு நானும் மாதம் சொல்கிறவன் என்பதால், இதில் தங்களைக் குறை சொல்லமாட்டேன்.

சட்டத்துக்கு இந்தப் பாசமெல்லாம் தெரியாது. தாங்கள் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற அன்றே இந்தியக் குடியுரிமை போய்விட்டது. அதனுடன் வாக்காளர் பட்டியலில் இருக்கும் தகுதியும் போயிற்று. உள்ளாட்சித் தேர்தலுக்குத் தனிப் பட்டியல் கிடையாது. சட்டமன்றப் பட்டியலைத்தான் வார்டு வார்டாகப் பிரித்துக்கொள்கிறார்கள். பதினோரு ஆண்டுகள் கழித்தும் அதில் தங்கள் பெயர் இருந்ததென்றால், ஓட்டு கள்ளமாவதற்கு முன்பே பெயர் கள்ளமாகிவிட்டது. இன்னொரு திருத்தமும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு ஊராட்சித் தேர்தலில் வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று நான்கு வாக்குச்சீட்டுகளை நான்கு நிறங்களில் கொடுப்பார்கள். ஆகவே தங்கள் பெயரில் விழுந்தது ஒரு கள்ள ஓட்டு அன்று, நான்கு.

'மக்கள் எப்போது திருந்துவார்கள்' என்கிறீர்கள். கிராமத்து வார்டில் இருப்பதே சில நூறு வாக்குகள். யார் செத்தார், யார் துபாயில், யார் சிங்கப்பூரில் என்பது டீக்கடைப் பெஞ்சுக்கே தெரியும். வாக்குச்சாவடியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் முகவர்களுக்குத் தெரியாதா? வந்தவர் உரிய ஆள்தானா என்று சந்தேகம் எழுப்ப, சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் விதிகளின்படி முகவர் கட்ட வேண்டிய தொகை இரண்டு ரூபாய். அந்த இரண்டு ரூபாய் இல்லாமல் எவரும் வாயை மூடிக்கொண்டிருப்பதில்லை. எதிர் வேட்பாளரின் முகவர் மடியிலும் ஊரில் இல்லாதவர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. உன் துபாய்க்காரரை நான் கேட்கமாட்டேன், என் சிங்கப்பூர்க்காரரை நீ கேட்காதே என்ற ஏற்பாடு பேசாமலே முடிந்துவிடுகிறது. இதில் மக்கள் எங்கே வந்தார்கள்? பாதிப் பேர் வெயிலில் வரிசையில் நிற்கிறார்கள்.

இந்த இடத்தில் நம் சிராங்கூன் சாலை மேடைப் பேச்சாளர்கள் எழுந்து, "ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குடவோலை கண்ட இனம்!" என்பார்கள். அவர்களோடு எனக்குப் பழைய வழக்கு உண்டு. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சொல்லுவது வாக்குப்பதிவை அன்று, குலுக்கலை. தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். போதிய நிலமும் வேதப் பயிற்சியும் இல்லாதவர் பெயர் குடத்தின் பக்கமே போகவில்லை. அது பிராமணர்களின் சபை; வேளாளர் கிராமத்து மன்றத்துக்குத்தான் 'ஊர்' என்று பெயர். மேடையில் இதை யாரும் சொல்வதில்லை. அதைவிட, கல்வெட்டின் மிகச் சிறந்த விதியை அவர்கள் வாசிப்பதே இல்லை: முன்பு வாரியத்தில், அதாவது சபையின் குழுவில், இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இட முடியாது, அவருடைய சின்னம்மா பெரியம்மா மக்கள், மாமன், மைத்துனன் வரை எவர் பெயரையுமே இட முடியாது. பதவியை ஏலத்தில் எடுத்துக் கோயில் கணக்கில் பணம் கட்டுகிறவர் அதை எங்கிருந்து மீட்பார் என்பது ஊராட்சிக் கணக்குப் புத்தகத்தில்தான் தெரியும். அந்தப் புத்தகத்தைக் கேட்பதற்குப் பதிலாக நாம் குடத்துக்கு மாலை போடுகிறோம்.

மக்களே இல்லாத தேர்தலிலும் மோசடி நடக்கும். 2024 ஜனவரி 30 அன்று, மாநகராட்சி உறுப்பினர்கள் மட்டுமே வாக்களித்த சண்டிகர் மேயர் தேர்தலில் மொத்த வாக்குகளே 36. இருபது வாக்குகள் பெற்றிருந்த வேட்பாளரின் எட்டுச் சீட்டுகளைச் செல்லாதவை என்று தேர்தல் அதிகாரி ஒதுக்கிவிட்டு, பதினாறு பெற்றவரை வெற்றியாளராக அறிவித்தார். அந்தச் சீட்டுகளில் அவரே பேனாவால் கிறுக்கியதும், இடையிடையே தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்த்ததும் பதிவாகியிருந்தன. பிப்ரவரி 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்த எட்டும் செல்லும் என்று முடிவையே மாற்றியது. திருந்த வேண்டியவர் அங்கே ஒருவர்தான்; கையில் பேனாவும் இருந்தது.

இங்கே கேள்விப்பட்டதே இல்லை என்கிறீர்கள். உள்ளாட்சித் தேர்தலே இல்லாத இடத்தில் உள்ளாட்சித் தேர்தல் முறைகேட்டைக் கேள்விப்படாததில் வியப்பென்ன? நகர மன்றங்களை நாடாளுமன்ற உறுப்பினர்களே நடத்துகிறார்கள். 1957 டிசம்பரில் நமக்கும் நகராட்சி மன்றத் தேர்தல் நடந்தது. ஓங் எங் குவான் மேயரானார். வாக்களிக்க வந்தவர்களோ ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான். 1959இல் மன்றமும் போயிற்று, வாக்களிப்பும் கட்டாயமாயிற்று. இன்று வாக்களிக்கத் தவறினால் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். தக்க காரணம் இல்லாவிட்டால் 50 வெள்ளி கட்டித்தான் மீண்டும் சேரலாம். சும்மா கிடக்கும் பெயருக்கு இங்கே இடமில்லை என்பதுதான், நம் நற்குணத்தைவிடப் பெரிய காவல். நான் முதன்முதலில் வாக்களித்தபோது ஓர் இளம் அதிகாரி என் பெயரை உரக்க வாசித்தார். அப்பா பெயரில் தொடங்கி, என் பெயரை இரண்டாக உடைத்து, நடுவில் மூச்சு வாங்கி அவர் முடித்தபோது அது என் பெயர்தான் என்று எனக்கே உறுதியில்லை. ஆனால் அறையில் இருந்த முகவர்கள் அனைவரும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்கள். உரக்க வாசிப்பதே அதற்காகத்தான்.

பட்டியலிலிருந்து பெயரை நீக்குவதற்கு 7ஆம் எண் படிவம் இருக்கிறது. அடுத்த விடுமுறையில் தம்பியையும் அழைத்துக்கொண்டு போய் எழுதிக் கொடுங்கள். அவர் தயங்கினால், அந்த நான்கு சீட்டுகளிலும் முத்திரை குத்தியது யார் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.