வெள்ளி இரவு கிளம்ப வேண்டாம்: கோவையிலிருந்து கோகர்ணம் வரை காரில்

கேள்வி: நானும் மனைவியும் கோவையில் வேலை செய்கிறோம். டிசம்பரில் பத்து நாள் விடுப்பு. வெள்ளி மாலை 7 மணிக்கு ஆபீஸிலிருந்து நேராகக் கிளம்பி, திம்பம் வழியாக நள்ளிரவுக்குள் மைசூரு சேர்ந்துவிடலாம் என்று திட்டம். பிறகு குடகு, ஆகும்பே, உடுப்பி, முருடேஸ்வர், கோகர்ணம், ஜோக். கைவசம் இருப்பது ஐந்து வருடப் பழைய ஹேட்ச்பேக். எஸ்யூவி வாடகைக்கு எடுக்க வேண்டுமா? வழியில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் அந்த வெள்ளி இரவுப் பயணத்தைக் கைவிடுங்கள். 7 மணிக்குக் கிளம்பினால் அன்னூர், புளியம்பட்டி, சத்தி (சத்தியமங்கலம்) நெரிசலைத் தாண்டி, திம்பம் மலையடிவாரத்துச் செக்போஸ்டான பண்ணாரிக்கு நீங்கள் போய்ச் சேர்வதற்குள் மணி ஒன்பதைத் தாண்டியிருக்கும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரியிலிருந்து இரவு 9 முதல் காலை 6 வரை அந்தத் திம்பம் மலைச்சாலையில் கார்களுக்கு அனுமதி இல்லை. செக்போஸ்டில் எவ்வளவு கெஞ்சினாலும் திரும்பத்தான் வேண்டும். சரி, முதுமலை வழியாகப் போகலாம் என்றால் பந்திப்பூர் கேட்டும் அதே 9 முதல் 6 வரை மூடியிருக்கும். போதாக்குறைக்கு, நீலகிரிக்குள் நுழைய 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸும் வேண்டும். நாகரஹொளே வழியாக மானந்தவாடிக்குப் போகும் சாலையோ மாலை 6 மணிக்கே மூடிவிடும்.

இந்த மாதிரிப் பயணத்தில் எல்லோரும் கிலோமீட்டரைப் பார்த்துத் திட்டம் போடுகிறார்கள். காட்டுச் சாலையில் பார்க்க வேண்டியது கேட் மூடும் நேரத்தை. அதை முதலில் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு மற்றதை அதற்குள் அடக்குங்கள்.

சனிக்கிழமை காலையிலும் ஆறு மணிக்கே பண்ணாரியில் நிற்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். கனரக லாரிகளை முந்தைய நாள் மாலை ஆறு மணியோடு நிறுத்திவிடுவதால், கேட் திறந்ததும் மொத்த வரிசையும் மலையேறும். ஏழரை, எட்டு மணிவாக்கில் போனால் அந்த நெரிசல் கொஞ்சம் கலைந்திருக்கும். சத்தியிலேயே டேங்கை நிரப்பிக்கொண்டு, பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு நிதானமாக ஏறுங்கள்.

திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள். நீளமான லாரி ஒன்று வளைவில் திரும்பும்போது சாலையின் முழு அகலமும் அதற்கு வேண்டும். உள்பக்கம் காலியாகத் தெரிகிறதே என்று மூக்கை நுழைத்தால், லாரியின் பின் சக்கரம் அதே இடத்துக்குத்தான் வரும். வளைவுக்கு இரண்டு கார் நீளம் முன்பே நின்று, லாரி முழுசாகத் திரும்பிய பிறகு நகருங்கள். குறுகலான மலைச்சாலையில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. திரும்பி வரும்போது அது உங்களுக்குப் பொருந்தும்.

மேலே ஏறிய பிறகு ஆசனூர், காரப்பள்ளம் பகுதியில்தான் உண்மையான கவனம் வேண்டும். கரும்பு ஏற்றிவரும் லாரிகளுக்காக யானைகள் சாலையோரம் காத்து நிற்பதும், லாரியை மறித்துக் கரும்பை உருவுவதும் அங்கே வாடிக்கை. டிரைவர்கள் சிலர் தாங்களே கரும்பை வீசி அதைப் பழக்கிவிட்டார்கள். யானையைக் கண்டால் நல்ல இடைவெளி விட்டு நில்லுங்கள். இன்ஜின் ஓடட்டும், ஹாரன், ஃபிளாஷ் இரண்டும் வேண்டாம். அது உங்கள் பக்கம் நடக்க ஆரம்பித்தால் மெதுவாக ரிவர்ஸ் எடுங்கள். முன்னால் நிற்கும் கார்க்காரர் இறங்கி செல்ஃபி எடுக்கிறார் என்றால், அவருக்குப் பின்னால் ஒட்டி நிற்காதீர்கள். அவர் ஓடிவந்து காரை ரிவர்ஸ் எடுக்கும்போது உங்களுக்கு நகர இடம் இருக்காது.

மைசூருவில் ஓர் இரவு. அங்கிருந்து ஹுன்சூர், குஷால்நகர் வழியாக மடிக்கேரி சுமார் 120 கிலோமீட்டர். அவசரமே தேவையில்லாத சாலை. போகிற வழியில் பைலகுப்பே திபெத்திய மடத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். டிசம்பரில் அராபிகா காப்பிப் பழம் பறிக்கும் காலம். தோட்டத்துக்குள் இருக்கும் ஹோம்ஸ்டே ஒன்றில் இரண்டு இரவு தங்கினால் களத்தில் பழம் காய்வதைப் பார்க்கலாம். குடகில் 'பாயின்ட்' 'பாயின்ட்'டாக ஓடிப் பார்ப்பது எனக்கு உடன்பாடில்லை.

ஆகும்பேயை இந்த முறை விட்டுவிடுங்கள். பெருமழைக்கும் ராஜநாகத்துக்கும் பேர் போன ஊர்தான். ஆனால் உங்கள் பாதையிலிருந்து மலையேறி, மறுபடி இறங்க ஒரு நாள் போய்விடும். அந்த அடர்காட்டு அனுபவம் திரும்பும் வழியிலேயே உங்களுக்குக் கிடைக்கும். அதைக் கீழே சொல்கிறேன்.

மடிக்கேரியிலிருந்து சம்பாஜே மலைப்பாதையில் இறங்கி, சுள்யா, புத்தூர் வழியாகக் கரைக்கு வந்துவிடலாம். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வராதீர்கள். இரண்டாம் கியரில் விட்டு இன்ஜினே வண்டியைப் பிடிக்கட்டும். நியூட்ரலில் உருட்டுவது தற்கொலைக்குச் சமம். கருகிய வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

உடுப்பியில் இரண்டு இரவு. கோயிலும் மட்டிக் குள்ளா கத்திரிக்காய் சாம்பாரும் ஒரு பக்கம் என்றால், மல்பே மீன்பிடித் துறைமுகம் இன்னொரு பக்கம். காலையில் துறைமுகத்துக்குப் போய்ப் படகுகள் சரக்கு இறக்குவதைப் பாருங்கள். மேற்குக் கரையில் மீன்பிடித் தடை ஜூன், ஜூலையில்தான். டிசம்பரில் மீனுக்குப் பஞ்சமில்லை. மெனு கார்டில் 'அஞ்சல்' என்றால் நம் வஞ்சிரம், 'பங்குடே' என்றால் கானாங்கெளுத்தி, 'காணே' என்றால் கிழங்கான். ரவையில் புரட்டிப் பொரித்த காணே ஒன்று சாப்பிடாமல் அந்தக் கரையை விட்டு வராதீர்கள். மல்பேயிலிருந்து படகில் செயின்ட் மேரீஸ் தீவுக்கும் போகலாம். எரிமலைக் குழம்பு இறுகி, செதுக்கிவைத்த பட்டைத் தூண்களாக நிற்கும் பாறைகள் அங்கே இருக்கின்றன. தீவில் தங்க முடியாது. மாலைக்குள் திரும்பிவிட வேண்டும்.

அடுத்த நாள் வடக்கே. குந்தாபுரம் தாண்டினால் மரவந்தே: தேசிய நெடுஞ்சாலை 66-க்கு இடப்பக்கம் அரபிக்கடல், வலப்பக்கம் சௌபர்ணிகா ஆறு. நெடுஞ்சாலை ஓரத்திலேயே நிறுத்திவிட்டுக் குறுக்கே ஓடாதீர்கள். வண்டிகள் பறக்கும் இடம் அது. இந்தச் சாலையில் இன்னொரு தொந்தரவு, எதிர்த்திசையில் வரும் பைக்குகளும் இருட்டில் படுத்திருக்கும் மாடுகளும். அதனால் கரையிலும் இருட்டுவதற்குள் ஊர் சேர்ந்துவிடுவது நல்லது.

முருடேஸ்வரில் 20 நிலை ராஜகோபுரத்தையும் பெரிய சிவன் சிலையையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடலாம். டிசம்பரில் பள்ளிச் சுற்றுலாக் கூட்டம் நெரியும். ஆற அமர உட்கார ஹொன்னாவரே மேல். ஷராவதி ஆற்று முகத்துவாரத்தில் அலையாத்திக் காட்டுக்குள் மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். பக்கத்துக் காசர்கோடு கடற்கரை (கேரளத்துக் காசர்கோடு அல்ல) 2020-இல் நீலக்கொடிச் சான்று (சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைக்குத் தரும் சர்வதேசச் சான்று) பெற்றது.

கோகர்ணத்தில் இரண்டு இரவு வையுங்கள். குட்லே, ஓம் கடற்கரைகளில் ஒன்றின் பக்கம் தங்கினால் மற்றதற்கு நடந்தே போகலாம். மழைக்காலம் முடிந்துவிட்டதே, கடல் சாதுவாகத்தானே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 2024 டிசம்பரில்தான் சுற்றுலா வந்த பள்ளி மாணவிகள் நால்வர் முருடேஸ்வர் கடலில் மூழ்கி இறந்தார்கள். உயிர்காப்பாளர் இருக்கும் பகுதியில் மட்டும், முழங்கால் ஆழத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கரையோரப் பாறைகளில் ஏறிப் படம் எடுப்பதும் வேண்டாம்.

இதே பயணத்தை என்றாவது மழைக்காலத்தில் யோசித்தால், கரைச்சாலையில் மலையை வெட்டிய சரிவுகளின் அடியில் டீக்குக்கூட நிறுத்தாதீர்கள். 2024 ஜூலை 16 அன்று அங்கோலா அருகே ஷிரூரில் நெடுஞ்சாலை மேல் மண் சரிந்தபோது, சாலையோர டீக்கடையும் அங்கே நின்றவர்களும் சேர்ந்தே போனார்கள்.

திரும்பும் வழி: மறுபடி ஹொன்னாவர் வந்து, கெர்சொப்பா வழியாக மேலேறினால் ஜோக், சாகரா. இந்த ஏற்றம் ஷராவதி பள்ளத்தாக்கின் பசுமைமாறாக் காடு. அதிர்ஷ்டம் இருந்தால் மரத்தின் மேல் சிங்கவால் குரங்குகள் தெரியும். தின்பண்டம் எதுவும் போடாதீர்கள், அவை சாலைக்கு இறங்கிப் பழகினால் வண்டியில் அடிபட்டுச் சாகும். செல்போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும் என்பதால் மேப்பை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜோக் அருவி 253 மீட்டர் உயரம்தான், ஆனால் லிங்கனமக்கி அணை தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால் டிசம்பரில் மெலிந்துதான் விழும். மழைக்காலப் படங்களைப் பார்த்துவிட்டுப் போனால் ஏமாற்றம்தான். அன்று இரவு சிவமொக்காவிலும் மறுநாள் இரவு மைசூருவிலும் தங்கி, கடைசி நாள் காலையில் திம்பம் இறங்குங்கள். சிவமொக்காவிலிருந்து ஒரே மூச்சில் வீடு வந்துவிடலாம் என்று கிளம்பினால், மறுபடி ஒன்பது மணிக் கேட்டை நோக்கி ஓட வேண்டியிருக்கும்.

கார் விஷயத்துக்கு வருகிறேன். எஸ்யூவி தேவையில்லை. வழி முழுக்கத் தார்ச்சாலை, இருவர்தான் பயணம், வளைவுகளில் சின்ன வண்டியே சௌகரியம். வாடகைக் காசில் பாதிக்கும் குறைவாகவே உங்கள் காரைச் சரிபார்த்துவிடலாம்: பிரேக் பேட், பிரேக் ஆயில், கூலன்ட், வைப்பர். டயர் பட்டனின் (சாலையில் பதியும் வரிகளின்) ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் சட்டப்படியே ஓட்டக் கூடாது. மலைக்கு அதைவிட நிறையவே வேண்டும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி வேலை செய்கிறதா என்று வீட்டு வாசலிலேயே ஒரு முறை கழற்றி மாட்டிப் பாருங்கள், இருவரும். லாட்ஜில் இருவரின் அடையாள அட்டையையும் கேட்பார்கள், இரண்டையும் கையில் வையுங்கள். டிசம்பர் 24-க்குப் பிறகு கோகர்ணத்தில் அறை வாடகை எகிறும்; தேதியை மாற்ற முடிந்தால் மாதத்தின் முதல் பாதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.